மீதமுள்ள தூரம்

தம்பி காலையிலேயே வந்து சேர்ந்து, குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, ஹால் சோபாவில் உட்கார்ந்து அம்மாவிடம் கதையளந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில், அவனுடைய நம்பரிலிருந்து அவளுக்கு ஒரு மெசேஜ் வந்தது.

'அக்கா, இறங்க இன்னும் ஆறு மணி நேரமாம். கால் மரத்துப்போச்சு.'

அவள் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது. விமானத்துக்குள் கொடுக்கிற இன்டர்நெட் அப்படித்தான். கடலுக்கு மேலே பறக்கும்போது அனுப்புகிற மெசேஜ் எங்கேயோ மாட்டிக்கொண்டு, ஆள் வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்த பிறகு ஆடி அசைந்து வந்து சேரும். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடுகிற வேலை அவளுக்கு. இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்று நாள் முழுக்க யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தம்பி இருந்த ஊர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்: பதின்மூவாயிரம் கிலோமீட்டர், பதினான்கு மணி நேரம். சொல்லி முடித்து, கேட்டவர் போனை வைத்ததும், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று கம்ப்யூட்டரில் ஒருமுறை பார்ப்பாள். பார்த்ததையே நம்பாமல் இன்னொரு முறையும் பார்ப்பாள். அவள் சுபாவம் அது.

போனை அவன் விமானத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். சீட்டுக்கு எதிரே இருக்கும் பைக்குள் வைத்து மறந்துவிட்டதாக விமான நிலைய வாசலிலேயே சொன்னான். "ரெண்டு வருஷம் கழிச்சு வர்றவன் போனைத் தொலைச்சிட்டா வருவ?" என்று அவள் திட்டியதற்கு, "ஆளு வந்து சேர்ந்தேனேன்னு சந்தோஷப்படேன்" என்று சிரித்தான்.

டீயை ஊற்றும்போதே அடுத்தது வந்தது.

'இப்போ ஏழு மணி நேரம்னு காட்டுது. குறையணும்ல, ஏன் கூடுது? மேனேஜரம்மா, விசாரிச்சுச் சொல்லுங்க.'

மேனேஜரம்மா என்பது அவன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். அவள் புன்னகையோடு படித்தாள். பிறகு மெசேஜுக்குக் கீழே இருந்த நேரத்தைப் பார்த்தாள். அனுப்பிய நேரம், இந்த நிமிஷம்.

வெளியே மழை வருவதற்கு முந்தைய இருட்டு. ஹாலில் இன்னும் விளக்குப் போடவில்லை. ஜன்னலோரம், சோபாவின் கோடியில் தம்பி உட்கார்ந்திருந்தான். மதியம் எங்கே உட்கார்ந்தானோ அதே இடம். அவன் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்குக் காலியாக இருந்தது. அம்மா எதிர் நாற்காலியில் முட்டியைத் தேய்த்தபடி, அவன் சொல்வதற்கெல்லாம் முகம் மலர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஹாலுக்குள் ஒரு வாசனை இருந்தது. குளித்த பிறகும் அவன்மேல் அது போகவில்லை: பூட்டிவைத்த குளிர்ந்த காற்று, பிளாஸ்டிக், எலுமிச்சை வாசம் போட்ட ஈரக் காகிதம்.

"என்னடி, டீயைக் கையில வச்சுக்கிட்டு சிலையாட்டம் நிக்கிற?" என்றாள் அம்மா. "கண்ணா, இவ இன்னும் மாறலைடா. பஸ் ஏறின பிறகு இறங்கி வந்து கேஸை மூடினோமான்னு பாக்கறா. போன வாரம் ஆபீஸுக்குப் பாதி வழி போயிட்டுத் திரும்பி வந்தா."

"கேஸ் மூடியிருந்துச்சா?"

"மூடித்தான் இருந்துச்சு. இவளுக்குத்தான் கழண்டிருக்கு."

தம்பி சிரித்தான். அவன் சிரிப்புதான். மேல் வரிசையில் ஒரு பல் லேசாக ஏறி நிற்கும் அதே சிரிப்பு. அவள் டீயை அவன் முன்னால் வைத்தாள். டீயின் மேல்பரப்பு வட்ட வட்டமாக, மிகச் சன்னமாக நடுங்கியது. மேஜையைத் தொட்டுப் பார்த்தாள். மேஜை அசையவில்லை.

யாரோ போனை எடுத்துவைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். விமானத்தைச் சுத்தம் செய்கிறவர்களாக இருக்கலாம். பழைய மெசேஜ்களைப் படித்தால் மேனேஜரம்மா என்ற பெயர் தெரிந்துவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும். சமையலறைக்குத் திரும்பி, கதவோரம் நின்று எழுதினாள்.

'யாருங்க நீங்க? இது என் தம்பி போன்.'

'என்னக்கா கிண்டலா? வாத்துதான் பேசறேன்.'

வாத்து என்று அவனைக் கூப்பிடுகிறவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். ஆனால் அதையும் எங்கேயாவது எழுதியிருப்பாள். எழுத்தில் இல்லாத ஒன்றைத் தேடினாள்.

'சின்ன வயசுல உன் முடியை வெட்டினது யாரு?'

பதில் உடனே வந்தது.

'நீதான். பின்னந்தலையில ஒரு கொத்து. அம்மாகிட்ட எலி கடிச்சிடுச்சுன்னு சொன்னோம். அம்மா நம்பி எலிப்பொறி வாங்கிவச்சாங்க. இப்போ எதுக்கு இது?'

அதை அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அவள் முதுகில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, யாரோ ஈரக் கையை வைத்ததுபோல இருந்தது. ஹாலுக்குப் போனாள். சாதாரணமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தாள்.

"நீதான்" என்றான் தம்பி, ஜன்னலைப் பார்த்தபடியே. அவள் இன்னும் கேட்கவே இல்லை. "பின்னந்தலையில ஒரு கொத்து. அம்மாகிட்ட எலி கடிச்சிடுச்சுன்னு சொன்னோம். அம்மா நம்பி எலிப்பொறி வாங்கிவச்சாங்க."

"அடிப்பாவி!" அம்மா கையைத் தட்டிச் சிரித்தாள். "அது எலி இல்லியா? அந்தப் பொறியில என் கட்டைவிரல் மாட்டி நகமே போச்சேடா! ரெண்டு பேரும் சேர்ந்து என்னை எத்தனை வருஷமாடா ஏமாத்தியிருக்கீங்க!"

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தம்பியும் சிரித்தான். அவள் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதே வார்த்தைகள். அதே வரிசை. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

கையில் போன் அதிர்ந்தது.

'அக்கா, ஒண்ணு கேக்கவா? ஏறும்போது பாதி சீட் காலியா இருந்துச்சு. இப்போ நிறைஞ்சுக்கிட்டே வருது. எனக்கு முன்னாடி ஒருத்தர் தனியா உட்கார்ந்திருந்தாரு. அசந்து கண்ணை மூடித் திறந்தா, பக்கத்துல அவர் சம்சாரம், மடியில குழந்தை. மூணு பேரும் தூங்கறாங்க. நடுவானத்துல யாருக்கா ஏறுவாங்க?'

அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. அழித்து மறுபடி எழுதினாள்.

'உன் எதிர்ல இருக்கற திரையில இன்னும் எவ்வளவு தூரம்னு போட்டிருக்கு? கிலோமீட்டர்ல சொல்லு.'

'இருபத்திரண்டாயிரம்.'

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகப் படித்தோமா என்று மறுபடி பார்த்தாள். அவளுக்குத் தொழிலில் நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று உண்டென்றால், எந்தச் சந்தேகமும் இல்லாமல் தெரிந்தது ஒன்று உண்டென்றால், அது இதுதான்: பூமி உருண்டை. எந்த ஊரிலிருந்தும் எந்த ஊரும் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்க முடியாது. அதற்கும் மேலே போனால் அந்தப் பக்கமாகச் சுற்றி நெருங்கி வந்துவிடுவோம். அவ்வளவு தூரத்தில் இறங்குவதற்குத் தரையே கிடையாது.

'இப்போ இருபத்து மூணு' என்று வந்தது.

அறைக்குள் ஓர் இரைச்சல் இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். எப்போதிலிருந்து இருக்கிறது என்று தெரியவில்லை. தாழ்ந்த, ஒரே சீரான, பல்லுக்கு அடியில் கூசுகிற இரைச்சல். ஃபிரிட்ஜாக இருக்கும். சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே விளக்கு அணைந்தது. இரைச்சல் நிற்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினாள். நிற்கவில்லை. சுவரில் காதை வைத்தாள். சுவருக்குள்ளும் அது இருந்தது.

ஆபீஸில் இந்நேரம் டிக்கெட் கவுண்டரில் இருக்கும் அண்ணன் மட்டும் இருப்பார். அவள் பக்கத்து மேஜைக்காரர், எதற்கும் பதறாத மனுஷன். அவருக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, என் தம்பி வந்த ஃப்ளைட்டைக் கொஞ்சம் பாருங்களேன்."

"காலையிலயே இறங்கிடுச்சேம்மா. நீதானே போய்க் கூட்டிட்டு வந்த? லீவு போட்டும் நிம்மதியா இருக்க மாட்டியா நீ?" கீபோர்டு சத்தம் கேட்டது. "இறங்கிடுச்சு. சரியான நேரம். ஆமா... இது என்ன? அவன் வரிசையில மூணு சீட்டும் உங்க வீட்டுப் பேர்லயே இருக்கு? அவன், உங்கம்மா, நீ."

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

டிக்கெட் போடுகிறவர்கள் சொந்தக்காரர்களுக்குச் செய்யும் சின்னத் திருட்டுத்தனம் அது. பக்கத்து சீட்டுகளை வீட்டு ஆட்கள் பெயரில் பிடித்துவைத்துக்கொண்டால் வேறு யாருக்கும் போகாது. விமானம் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பதிவை விட்டுவிட்டால், அப்புறம் யாரும் வாங்க மாட்டார்கள், நம் ஆள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம். பதினான்கு மணி நேரம் பிள்ளை கால் மடக்கி உட்கார வேண்டாமே என்று அவள்தான் அதைச் செய்தாள். அப்பா போன பிறகு வீட்டில் இருப்பது மூன்றே பேர், வரிசையிலும் மூன்றே சீட் என்று அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. கிளம்பும் முன் விட்டுவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். கேஸை ஓடி வந்து பார்த்தவள், இதைப் பார்க்கவில்லை.

"விட மறந்துட்டியா? போகட்டும், முதலாளி காதுக்குப் போகாம பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். "ரெண்டு பேரும் ஏறலைன்னுதான் காட்டுது. ஒண்ணும் பிரச்சினை..."

அவர் நிறுத்தினார்.

கதவுக்கு அந்தப் பக்கம், ஹாலில், தம்பியின் குரல். "அம்மா, எதிர்ல ஏன் உட்கார்ந்திருக்கீங்க? இங்க வாங்க. என் பக்கத்துல."

"வர்றேன் கண்ணா." அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழும்போது எப்போதும் சொல்லும் 'அப்பாடா'. சோபா அமுங்கும் சத்தம்.

"இரும்மா" என்றார் அண்ணன் போனில். "இப்போ உங்கம்மா ஏறிட்டதா காட்டுதே? இறங்கின ஃப்ளைட்ல எப்படி... இந்த சிஸ்டத்துக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. நாளைக்கு வந்து..."

அவள் போனைத் துண்டிக்காமலேயே ஓடினாள்.

அம்மா தம்பியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். நிமிஷ நேரத்தில். வாய் லேசாகத் திறந்திருந்தது. தம்பி நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இரண்டு கைகளும் சோபாவின் மேல் அல்ல, அதற்குச் சற்று மேலே, இல்லாத கைப்பிடிகளின் மேல் இருந்தன.

"அம்மா!" அவள் உலுக்கினாள். "அம்மா, எந்திரிங்க. அம்மா!"

அம்மாவின் கை பனிக்கட்டிபோல இருந்தது.

"தூங்கட்டுமேக்கா" என்றான் தம்பி. "ரொம்ப தூரம் போகணும்."

போன் அதிர்ந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

'அக்கா. அம்மா இங்க வந்திருக்காங்க.'

'என் பக்கத்துல.'

'இப்பதான் திரும்பிப் பாத்தேன். காலியா இருந்துச்சு. இப்போ அம்மா.'

அந்த நேரம் பார்த்து, சோபாவில் அம்மா கண் விழித்தாள்.

"ஏன்டி இப்படிக் கத்துற? கொஞ்சம் கண் அசந்துட்டேன்." குரல் அம்மாவுடையது. கொண்டையை அவிழ்த்து மறுபடி முடியும் விதமும் அம்மாவுடையது. பிறகு அம்மா எழுந்தாள். முட்டியில் கைவைக்கவில்லை. 'அப்பாடா' சொல்லவில்லை. பத்து வயதுப் பெண்போல ஒரே மூச்சில் எழுந்து, விளக்கைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் பின்னால் நகர்ந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. முதுகில் வாசற்கதவு தட்டியது. தாழ்ப்பாளைக் கையால் தேடித் திறந்தாள். வெளியே படிக்கட்டு. மஞ்சள் விளக்கு. பக்கத்து வீட்டில் டிவி, யாரோ எதற்கோ கைதட்டுகிறார்கள். கீழே மழையில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அங்கேயே இருந்தது. இறங்கி ஓடினால் போதும்.

ஒரு கால் வெளியே வைத்துவிட்டாள்.

'அம்மா முழிச்சுட்டாங்க. அழறாங்க. எங்க இருக்கோம்னு கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல.'

'முட்டி வலிக்குதாம். காலை நீட்ட இடமில்ல.'

'உன்னைத்தான் கேக்கறாங்க.'

அவள் படிக்கட்டைப் பார்த்தாள். திரும்பி ஹாலைப் பார்த்தாள். வலி இல்லாத அம்மா, பல் ஏறிய தம்பி. இருவரும் ஒரே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அவசரமே இல்லை. ஓடினால் தப்பிக்கலாம். தப்பித்து? ஒரு நாள் திரும்பி வந்து இவர்களோடு சாப்பிட வேண்டும். இவளை அம்மா என்று கூப்பிட வேண்டும். மேலே, தரையே இல்லாத ஒரு தூரத்தில், அம்மா காலை நீட்ட முடியாமல் அழுதுகொண்டே இருப்பாள். தம்பிக்கு அவளைத் தேற்றத் தெரியாது. அவனுக்கே யாராவது சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

சீட்டுகளைப் பிடித்தது யார்?

எழுதினாள். 'அம்மாவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சீட் காலியா இருக்கா?'

இரைச்சல் கூடியது.

'வேண்டாம்க்கா.'

'இருக்கா இல்லியா, சொல்லு வாத்து.'

'இருக்கு. வராதே. தயவுசெஞ்சு வராதேக்கா.'

அவள் காலை உள்ளே எடுத்தாள். கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக் கைதட்டல் நின்றது.

"வாடி" என்றாள் சோபாவில் இருந்தவள், பக்கத்து இடத்தை மெல்லத் தட்டி. "எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்ப?"

அவள் போனைத் தரையில் வைத்தாள். நடந்தாள். சோபாவின் இந்தக் கோடியில் உட்கார்ந்தாள்.

குளிர்.

முதலில் பாதங்களில். பிறகு முட்டியில். காது இரண்டும் அடைத்துக்கொண்டன. எச்சில் விழுங்கினாள். விடவில்லை. கண்ணை மூடக் கூடாது. மூடக் கூடாது.

மூடினாள்.

வலது கையை யாரோ இறுகப் பற்றினார்கள். வெதுவெதுப்பான கை. கட்டைவிரல் நகம் கோணலாக வளர்ந்த கை. "வந்துட்டியா?" என்று அம்மா அழுதாள். "நீ எதுக்குடி வந்த? நீ எதுக்கு வந்த?" அவளுக்கும் அப்பால், ஜன்னலோரம், தாடி முளைத்து, கன்னம் ஒட்டி, தம்பி. அவள் காலையில் விமான நிலையத்தில் பார்த்த அந்த மழுமழு முகம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை. மேகம் இல்லை. நட்சத்திரம் இல்லை. இறக்கைகூட இல்லை.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அவள். "காலை என் மடியில நீட்டிக்கோங்க."

தம்பியின் கையில் போன் ஒளிர்ந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான்.

'அக்கா' என்று அவன் பதிந்துவைத்திருந்த அவளுடைய நம்பர். அவள் எழுதாத மெசேஜ்.

'நாங்க மூணு பேரும் சாப்பிட உட்கார்ந்துட்டோம். நீங்க தூங்குங்க.'

அவள் தலையை உயர்த்திப் பார்த்தாள். முன்னால் வரிசை வரிசையாக, இருட்டுக்குள் முடிவே தெரியாத தூரத்துக்கு, தலைகள். ஒரு சீட்கூடக் காலி இல்லை. யாரும் தூங்கவில்லை. எல்லாரும் குனிந்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் மடியிலும் ஒரு போன், வீட்டிலிருந்து வந்த மெசேஜின் நீல வெளிச்சத்தோடு, எரிந்துகொண்டிருந்தது.